கடற்கன்னிக்கு ஆண்பால் என்ன? பிழை திருத்துபவரிடம் சில கேள்விகள்

சிறுவர் கதைகளுக்கு மெய்ப்புத் திருத்துவதுதான் என் பிழைப்பு. போன மாதம் ஒரு மொழிபெயர்ப்பில் 'ஆண் கடற்கன்னி' என்று வந்ததைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு நண்பர்களிடம் புலம்பினேன். அதற்கு வந்த கேள்விகளில் கொஞ்சம் இங்கே.

பெரம்பூரிலிருந்து: அண்ணா, 'ஆண் கடற்கன்னி' என்றால் எல்லாருக்கும் புரியுதே, அப்புறம் என்ன பிரச்சினை?

புரியும்தான், 'ஆண் மாமியார்' என்றாலும்கூட மாமனாரைச் சொல்கிறான் என்று புரிந்துவிடும். கன்னி என்றாலே பெண். அதன் முன்னால் 'ஆண்' என்று ஒட்டினால் குழந்தைகள் சிரிப்பார்கள். என் பக்கத்து வீட்டுப் பையன் சிரித்தான், அவனுக்கு ஏழு வயசு.

மந்தைவெளியிலிருந்து: 'கடல்மகன்' என்று வைத்துக்கொள்ளலாமே சார்? அழகாகவும் இருக்கிறது.

எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. ஆனால் புணர்ச்சி விதி குறுக்கே வந்து நிற்கிறது. லகரத்துக்குப் பின் வல்லினம் வந்தால் ற் ஆகும், அதனால்தான் கடல் + கன்னி கடற்கன்னி ஆனது. மெல்லினம் வந்தால் ன் ஆகும் என்கிறது நன்னூல். கல் + மலை கன்மலை ஆகிறதே, அதேதான். அந்தக் கணக்கில் கடல் + மகன் என்ன ஆகும்? கடன்மகன்! மாசம் பிறந்தால் தவணை கட்டுகிற நம்மைப் போன்றவர்களுக்குத்தான் அந்தப் பெயர் பொருந்தும். இது நான் கேலிக்காகச் சொல்வதில்லை, மாமல்லபுரத்தைத் திருமங்கையாழ்வார் பாடிய பாசுரங்களைப் பழைய பதிப்புகளில் பாருங்கள், 'கடன்மல்லை' என்றே இருக்கும். சின்ன வயசில் அதைப் படித்துவிட்டு அந்த ஊரில் யாரோ பெருங்கடன்காரர் இருந்தார்போல என்று நினைத்திருக்கிறேன். இப்போது யாரும் இப்படிச் சேர்த்து எழுதுவதில்லை, கடல்மகன் என்று பிரித்தாற்போல எழுதினால் ஒருவரும் சண்டைக்கு வரமாட்டார்கள், ஆனாலும் எனக்குக் கை வரவில்லை.

அண்ணா நகரிலிருந்து: ஆங்கிலத்தில் மெர்மேன் என்கிறார்களே, அந்த 'மெர்' என்ன?

பழைய ஆங்கிலத்தில் 'மெரே' என்றால் கடல், ஏரிக்கும் சொல்வார்கள். ஜெர்மனில் இன்றைக்கும் கடல் 'மேர்'தான். வேடிக்கை என்னவென்றால் அங்கேயும் பெண்தான் முன்னால் வந்தாள். மெர்மெய்ட் என்ற சொல் பதினான்காம் நூற்றாண்டிலேயே இருக்கிறது, மெர்மேன் எழுத்தில் வர இன்னும் இருநூறு வருடத்துக்கு மேல் ஆயிற்று. ஆனால் அவர்களுக்குப் பின்பாதியை மட்டும் மாற்றினால் வேலை முடிந்தது, நமக்கு அது வாய்க்கவில்லை.

தண்டையார்பேட்டையிலிருந்து: பரதவர், நுளையர், திமிலர் என்று நெய்தல் நிலத்தில் ஆண்களுக்கு எத்தனை பெயர். அதில் ஒன்றை எடுத்துக்கொண்டால் என்ன?

கூடவே கூடாது. அவர்கள் வால் முளைத்தவர்கள் இல்லை, கடலில் உழைக்கிற மனிதர்கள். திமில் என்பது படகு, அதை வைத்திருப்பவர் திமிலர். சேர்ப்பன், துறைவன், கொண்கன், புலம்பன் எல்லாம் நெய்தல் தலைவனுக்குச் சங்கப் பாட்டு கொடுத்த பெயர்கள், காதலித்துவிட்டு வராமல் காக்கவைக்கிறவனும் அவன்தான். அவனுக்கு இருக்கிற கெட்ட பெயர் போதும், செதில் வேறு வேண்டாம்.

ராயபுரத்திலிருந்து: கடலில் பார்த்ததாகச் சொல்கிறவர்கள் எல்லாரும் பெண்ணைத்தானே பார்த்திருக்கிறார்கள், அது ஏன் சார்?

கடற்பசுதான் காரணம் என்று சொல்வார்கள், பாக் நீரிணைப் பக்கம் ஆவுளியா என்பார்கள். அதற்குப் பால்மடி முன்துடுப்புக்கு அடியில், நம் அக்குள் இருக்கிற இடத்தில் இருக்கும். தூரத்திலிருந்து பார்த்த மாலுமிக்கு மார்பும் வாலுமாகத் தெரிந்தால் பெண் என்றுதான் நினைப்பான், அதுவும் மாசக்கணக்காகக் கப்பலில் கிடந்தவன். ஆண் ஆவுளியா பருவத்துக்கு வந்தால் சின்னத் தந்தம் வெளியே எட்டிப்பார்க்கும், அந்த முகத்தை யாரும் கதையாக்கவில்லை. 2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டரை இவற்றுக்கான காப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது.

பொருட்காட்சி 'கடல் கன்னி'யையும் விட்டுவிடக் கூடாது. சின்ன வயசில் டிக்கெட் எடுத்துப் பார்த்தேன். ஒரு அக்கா ரெக்சின் வாலோடு சாய்ந்து படுத்திருந்தார், இடுப்பில் ஊக்கு தெரிந்தது. வெளியே வரும்போது கொட்டாவி விட்டார், எனக்குப் பாவமாகிவிட்டது.

குரோம்பேட்டையிலிருந்து: நம் கதைகளில் பாதி மீனாக ஒரு ஆண்கூடவா இல்லை?

ஏன் இல்லை? மச்சாவதாரச் சிற்பத்தில் மேல்பாதி பெருமாள், கீழ்பாதி மீன். தாய்லாந்து ராமாயணத்தில் அனுமாருக்கும் ராவணனின் மீன்வால் மகள் சுவர்ணமச்சாவுக்கும் ஒரு பிள்ளை உண்டு, குரங்கு உடம்பு, மீன் வால், பெயர் மச்சானு. கம்பரிடம் இந்தக் கதை கிடையாது. பெயரைக் கேட்டதும் 'என்ன மச்சானு' என்று கூப்பிடத் தோன்றுகிறதா, எனக்கும்தான்.

வேளச்சேரியிலிருந்து: சரி, கடைசியில் அந்தப் புத்தகத்தில் என்னதான் போட்டீர்கள்?

மீன்மகன். மட்டக்களப்புக்காரர்கள் 'மீன்மகள்' என்று சொல்வார்கள், அங்கிருந்து எடுத்துக்கொண்டேன். மீன் + மகன், எழுத்து எதுவும் திரியாது, இலக்கணம் வம்புக்கு வராது. பன்மையில் ஆணும் பெண்ணும் சேர்ந்து மீன்மக்கள். மீனவனோடு குழம்பாதா என்று பதிப்பாளர் கேட்டார். மீனவன் வலை போடுகிறவன், மீன்மகன் வலையில் மாட்டுகிறவன் என்றேன், விட்டுவிட்டார்.

மறுபடி பெரம்பூர்: அண்ணா, என் பையனுக்கு ஸ்கூலில் மாறுவேடப் போட்டி, பச்சை வால் தைத்தாயிற்று. சீட்டில் என்ன எழுதட்டும்?

மீன்மகன் என்றே எழுதுங்கள். நடுவில் இடம் விடாதீர்கள், 'மீன் மகன்' என்று பிரித்தால் மீன்காரர் பிள்ளை என்று நினைத்து டீச்சர் கூடையைத் தேடுவார். வாலுக்கு அடியில் நடக்க வழி வைத்தீர்களா?