ஊரே எரியும்போது அலங்காரம் எதற்கு?

அன்புள்ள டாக்டர் அம்மாவுக்கு,

எனக்கு வயது 46. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் இருக்கிறோம். வீட்டுக்காரர் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருந்தார். சித்திரையில் மாரடைப்பில் போய்விட்டார். ஒரே மகள், விஸ்காம் படிக்கிறாள்.

கல்லூரி விழாவில் ஃபேஷன் ஷோவில் நடக்கப் போகிறாளாம். வருஷத் திதிகூட இன்னும் ஆகவில்லை, அதற்குள் ஹீல்ஸ் போட்டுக்கொண்டு கூடத்தில் நடந்து பழகுகிறாள். மாடியில் கொழுந்தனார் குடும்பம். டக் டக் என்று சத்தம் கேட்காமலா இருக்கும்?

கேட்டால் சரயேவோ என்று ஒரு ஊரைச் சொல்கிறாள். 1993-இல் போஸ்னியாவில் சண்டை நடக்கும்போதே அங்கே அழகிப் போட்டி வைத்தார்களாம். செமினாருக்குப் படித்தாளாம். போனில் படமும் காட்டினாள். நீச்சலுடையில் பெண்கள் வரிசையாக நின்று ஒரு துணியைப் பிடித்திருக்கிறார்கள். குண்டு விழுகிற ஊரில் கிரீடம் கேட்கிறதா? அப்பா மேல் பாசம் இருந்தால் இவளும் இப்படிச் செய்வாளா? கொழுந்தனார் ஜாடையாகப் பேச ஆரம்பித்துவிட்டார். சொல்லிச் சொல்லி எனக்கு வாய்தான் வலிக்கிறது.

அவர் இருந்தவரை மே மாதம் கோடை விழாவுக்கு ஏற்காடு கூட்டிப் போவார், மலர்க் கண்காட்சியில் என்னை நிறுத்திப் போட்டோ எடுப்பார். இப்போது நான் கண்ணாடியே பார்ப்பதில்லை. நாள் முழுக்க உட்கார்ந்து ஊரார் கொலுசுக்குச் சலங்கை கோக்கிறேன், காலில் மெட்டிகூட இல்லாமல். அன்றைக்கு மேக்கப் போட்டுப் பார்த்தவள் எனக்கும் ஒரு பொட்டு வைக்க வந்தாள். கையைத் தட்டிவிட்டேன். அதை விடுங்கள். கொழுந்தனார் கேட்டால் என்ன பதில் சொல்வது? இவளை எப்படித் தடுப்பது?

பெயர் வேண்டாம், சேலம்

அன்புச் சகோதரிக்கு,

மகளைத் தடுக்க வேண்டாம். அந்தக் கேள்விக்கு அவ்வளவுதான் பதில். நீங்கள் விடச் சொன்ன பொட்டைத்தான் என்னால் விட முடியவில்லை.

மகள் காட்டிய படம் எனக்கும் தெரியும். சரயேவோ நகரம் 1992 ஏப்ரல் முதல் 1996 பிப்ரவரி வரை முற்றுகையில் கிடந்தது. சுற்றிலும் மலை, மலையில் பீரங்கி. ரொட்டிக்கும் தண்ணீருக்கும் வரிசையில் நின்றவர்கள் நின்ற இடத்திலேயே செத்து விழுந்தார்கள். அந்த ஊரில், ஒரு நிலவறையில் நடந்த போட்டி அது. இனெலா நோகிச் என்ற 17 வயதுப் பெண் ஜெயித்தாள். அந்தத் துணியில் என்ன எழுதியிருந்தது என்று மகளைக் கேட்டீர்களா? ‘எங்களைக் கொல்ல அவர்களை விடாதீர்கள்’ என்று எழுதியிருந்தது. சாவை மறந்தவர்கள் பிடித்த துணியா அது? 2021 மார்ச் 27 அன்று மியான்மரில் ராணுவம் ஒரே நாளில் நூறு பேருக்கு மேல் கொன்றது. அதே நாளில் அந்நாட்டு அழகி ஹான் லே, பாங்காக் போட்டி மேடையில் நின்று உலகத்திடம் உதவி கேட்டார். பிறகு சொந்த ஊர் திரும்ப முடியாமல் கனடாவில் தஞ்சம் புகுந்தார்.

இதனால் அழகிப் போட்டிகள் மேல் எனக்கு மரியாதை கூடிவிடவில்லை. பெண்ணை நிற்கவைத்து மார்க் போடுவது எந்தக் காலத்திலும் எனக்குப் பிடிக்காது. அந்த ஊர் பட்ட பாட்டையும் உன் கல்லூரி விழாவையும் ஒன்றாக்காதே என்று உங்கள் மகளிடமும் சொல்வேன். ஆனால் அந்தப் படத்தை அவள் ஏன் உங்களிடம் கொண்டுவந்து காட்டினாள்? சாவு விழுந்த வீட்டில் மறுபடி அலங்காரம் செய்துகொள்ளலாமா என்று நேராகக் கேட்கத் தெரியவில்லை அவளுக்கு. படத்தைக் காட்டினாள். பதில் வரவில்லை. பொட்டை எடுத்துக்கொண்டு வந்தாள்.

அப்பாவை மறந்தவளின் கையைத் தட்டிவிட்டதாக நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. அப்பாவைப் பறிகொடுத்த பிள்ளை, இருக்கிற அம்மாவும் கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிட்டுப் போகிறாளோ என்று பயந்துபோயிருக்கிறாள்.

இன்னொன்றையும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கோபத்தில் கொஞ்சம் பொறாமையும் இருக்கிறது. வெறுங்காலோடு உட்கார்ந்து அடுத்தவர் காலுக்குச் சலங்கை கோக்கிறவருக்கு, கண்ணெதிரே ஒருத்தி ஹீல்ஸ் போட்டு நடந்தால் வயிறு எரியத்தான் செய்யும். அதில் தப்பில்லை. அதை அப்பா பாசம் என்று சொல்லி அவள் தலையில் கட்டுவதுதான் தப்பு.

உங்கள் கடிதம் முழுக்கக் கொழுந்தனார் வந்துகொண்டே இருக்கிறார். கணவரோ உயிரோடு வருவது ஒரே இடத்தில்தான், ஏற்காட்டில் உங்களைப் போட்டோ எடுக்கும்போது. உங்களை அப்படி ஆசையாகப் பார்த்த மனிதர், நீங்கள் கண்ணாடி பார்க்காமல் இருக்க வேண்டும் என்றா கேட்டிருப்பார்? (1944-இல் திராவிடர் கழகம் பெயர் சூடிய ஊர் சேலம். அங்கே இன்றைக்கும் ஒரு பொட்டுக்கு மாடி வீட்டின் சம்மதம் வேண்டியிருக்கிறது!)

பொட்டு வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். வைப்பதும் வேண்டாம் என்பதும் உங்கள் இஷ்டம், மாடியில் இருப்பவர்களுடையது அல்ல. ஆனால் அன்றைக்குக் கையைத் தட்டிவிட்டதைப் பற்றி மகளிடம் பேசுங்கள். அவரைப் பற்றியும் பேசுங்கள். அவர் போன பிறகு நீங்கள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து அழுததாகக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. கொழுந்தனார் கேட்டால், “நான்தான் அனுப்பினேன்” என்று சொல்லுங்கள், போதும்.