முதல் கதாநாயகிக்கு முந்தைய பத்து ஆண்டுகள்

அன்புள்ள ஐயா,

கல்லூரியில் டி. பி. ராஜலட்சுமியைப் பற்றி ஒரு சிறு நாடகம் தயாரித்து வருகிறோம். எங்கே தேடினாலும் 'தமிழ்ப் பேசும்படத்தின் முதல் கதாநாயகி' என்ற ஒரே வரிதான் கிடைக்கிறது. பாடத் தெரிந்த ஒரு பெண் தேவைப்பட்டாள், இவர் அகப்பட்டார், மற்றபடி எல்லாம் அதிர்ஷ்டம்தானே என்று எங்கள் குழுவில் ஒருவர் கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. சினிமாவுக்கு முன் அவர் என்ன செய்துகொண்டிருந்தார்? அதை ஒரு காட்சியாக்க முடியுமா?

ம.

அன்புள்ள ம.,

பாடத் தெரிந்த பெண்ணைத்தான் தேடினார்கள் என்பது உண்மை. பின்னணிக் குரல் என்ற ஏற்பாடே அப்போது இல்லை; கேமராவுக்கு முன் நிற்பவரே பாட வேண்டும் என்பதால், பேசும்படம் எடுக்க வந்தவர்கள் நாடக மேடையைத்தான் நாடினார்கள். ஆனால் அப்படிப் பாடவும் நடிக்கவும் கூடிய ஒரு பெண் 1931இல் ஆயத்தமாக இருந்தாரே, அவரை ஆயத்தப்படுத்தியது எது என்று உங்கள் நண்பர் கேட்கவில்லை. என்னைப் பொறுத்தவரை ராஜலட்சுமியின் கதை அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.

அவர் 1911இல் திருவையாற்றில் பிறந்தவர். விவரம் அறியாத வயதில் மணம் முடித்துவைக்கப்பட்டு, அந்த வாழ்க்கை நிலைக்காமல் பிறந்த வீடு திரும்பினார். தந்தையும் மறைந்தபின், பிழைப்புக்கு வழி தேடித் திருச்சிக்கு வந்த அந்தக் குடும்பத்தில் சம்பாதிக்கக்கூடியதாக இருந்தது இந்தச் சிறுமியின் குரல் ஒன்றுதான். தமிழ் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் ஆதரவோடு சாமண்ணாவின் நாடகக் குழுவில் சேர்ந்தார். சுவாமிகள் 1922 நவம்பரில் காலமானார் என்பதை வைத்துப் பார்த்தால், மேடையேறியபோது ராஜலட்சுமிக்கு வயது பத்து, மிஞ்சினால் பதினொன்று. பெண் வேடங்களைக்கூடப் பெரும்பாலும் சிறுவர்களே கட்டிக்கொண்டிருந்த காலம் அது. சுவாமிகளே 1918இல் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையும் சிறுவர்களின் குழுதான். பெண்களைக் கொண்டே நாடகம் நடத்திக் காட்டிய கும்பகோணம் பாலாமணி அம்மாள் போன்றவர்கள் முன்பே இருந்தார்கள் என்றாலும், வைதிகக் குடும்பத்துப் பெண் ஒருத்தி அரிதாரம் பூசுவதை உறவும் ஊரும் எளிதில் பொறுத்துக்கொள்ளவில்லை. அதிர்ஷ்டம் என்ற சொல்லை இந்த வாழ்க்கைக்குப் பொருத்த என் மனம் ஒப்பவில்லை.

அந்த மேடை என்ன கற்றுக்கொடுத்தது என்பதை நான் ஏடுகளில் படித்ததைவிட நேரில் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கோயில் திருவிழாவில் வள்ளி திருமணம் ஸ்பெஷல் நாடகம் பார்த்தேன். ஸ்பெஷல் நாடகத்துக்கு ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் என்னும் கதாநாயகனும் ஸ்திரீபார்ட் என்னும் கதாநாயகியும் பபூன் என்னும் கோமாளியும் தனித்தனியே பேசி அமர்த்தப்பட்டு அன்றிரவுதான் மேடையில் சந்திக்கிறார்கள். வள்ளியாக வந்த பெண்ணுக்கு இருபது வயதுக்கு மேல் இராது. நாரதர் தர்க்கத்தின் நடுவே அவர் எதிர்பாராத ஒரு கேள்வியைப் போட்டார். அந்தப் பெண் கையிலிருந்த கவணின் கயிற்றை விரலில் மெல்லச் சுற்றியபடியே ஆர்மோனியக்காரரை ஒருமுறை பார்த்தார். அவர் சுருதியை அப்படியே பிடித்துநிற்க, மிருதங்கம் ஓய, இவர் தாளக்கட்டு இல்லாமல் பாடும் விருத்தம் ஒன்றை எடுத்தார். நான்காவது அடி முடிவதற்குள் பதில் கிடைத்துவிட்டது. கயிறும் விரலைவிட்டு அவிழ்ந்துவிட்டது. பந்தலே ஆரவாரித்தது. யோசிக்கும் நேரத்தைப் பாட்டாகவே மாற்றிக்கொள்ளும் அந்தத் திறமை, இரவு முழுவதும் விழித்து நின்று பல ஆண்டுகள் பழகாமல் வாய்க்காது. ராஜலட்சுமி சேர்ந்ததுபோன்ற நிலையான குழுக்கள் நடத்திய கம்பெனி நாடகங்களில் ஒத்திகை உண்டுதான். ஆனாலும் ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைவரை குரலை எட்டவைப்பதும், எதிரே நிற்பவரின் குரல் போகும் போக்கிலேயே தன் முறை வருவதை உணர்வதும் அங்கேயும் அன்றாடப் பாடங்களே.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு தமிழின் முதல் பேசும்படமான 'காளிதாஸ்' படத்துக்கு வாருங்கள். அர்தேஷிர் இரானியின் இம்பீரியல் நிறுவனத்துக்காக பம்பாயில் எச். எம். ரெட்டி இயக்கிய அந்தப் படம் 1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரலில் வெளிவந்தபோது ராஜலட்சுமிக்கு 20 வயது நிறைந்திருக்கவில்லை. மேடை வாழ்க்கையோ பத்து ஆண்டுகளை எட்டிக்கொண்டிருந்தது. அதற்குமுன் பேசாப்படங்களிலும் நடித்திருந்தார். படத்தில் இளவரசியாக அவர் பேசுவது தமிழ். காளிதாசனாக நடித்த பி. ஜி. வெங்கடேசன் பதில் சொல்வது தெலுங்கு. ஒருவர் மொழியில் மற்றவருக்குப் பதில் இல்லாத அந்தக் காட்சிகளில் தடுமாறாமல் நிற்க, எதிராளியின் சொல்லைவிடத் தொனியைக் கவனிக்கும் நாடகப் பழக்கம்தான் அவருக்குக் கைகொடுத்திருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதே சமயம் மேடையில் கற்ற ஒன்றை அங்கே அடக்கிக்கொள்ளவும் வேண்டியிருந்தது. எங்கோ மறைத்துவைத்த மைக்கை நோக்கி, இடம் பெயராமல், குரலைக் குறைத்துப் பேச வேண்டும். பக்கவாத்தியக்காரர்கள் கேமராவின் பார்வைக்கு வெளியே நிற்க, நடிக்கும்போதே பாடவும் வேண்டும்.

அந்தப் படத்தில் அவர் தியாகராஜரின் கீர்த்தனைகளையும் பாடினார். தியாகராஜர் வாழ்ந்து மறைந்த திருவையாற்றில் பிறந்து, அங்கே கால் ஊன்ற முடியாமல் வெளியேறிய பெண், அவருடைய பாடல்களைத் தமிழின் முதல் பேசும்படத்துக்குக் கொண்டுபோனார். படத்தின் பிரதி நமக்குக் கிடைக்கவில்லை. நான் கேட்க ஆசைப்பட்டு இனி ஒருபோதும் கேட்க முடியாத குரல்களில் அதுவும் ஒன்று.

1933இல் வெளிவந்த 'வள்ளி திருமணம்' படத்தில் அவரே வள்ளி. மேடையில் ஊறிய கதை என்பதால் அந்த வெற்றி எனக்கு வியப்பளிக்கவில்லை. 1936இல், 25 வயதை ஒட்டி, தாம் எழுதிய நாவலையே 'மிஸ் கமலா' என்று தாமே தயாரித்து இயக்கினார். தென்னிந்தியாவில் ஒரு பெண் இயக்கிய முதல் படம் அதுதான். பிறர் எழுதியதை ஒப்பிப்பதோடு நின்றுவிடாமல், நாடகம் முழுவதையும் ஓரத்தில் நின்று பார்த்துக் கற்ற பிள்ளையால்தான் அவ்வளவு சீக்கிரம் அங்கே வந்திருக்க முடியும்.

உங்கள் காட்சியைப் பற்றிக் கேட்டீர்கள். பம்பாய் ஸ்டுடியோவில் தொடங்காதீர்கள். ஒரு கொட்டகையின் பக்கவாட்டுத் திரைக்குப் பின்னால், முகத்தில் அரிதாரம் காயாத ஒரு பத்து வயதுச் சிறுமியை நிற்கவையுங்கள். மேடையில் பெண் வேடமிட்ட ஒரு சிறுவன் பாடிக்கொண்டிருக்கட்டும். அவள் உதடுகள் அவனுடைய அடிகளைச் சத்தமில்லாமல் சொல்லிக்கொண்டிருக்கட்டும். அடுத்த பாட்டு அவளுடையது. ஆர்மோனியம் அவளுக்கான சுருதியைப் பிடிக்கும் இடத்தில் விளக்கை அணைத்துவிடுங்கள்.