டப்பாவில் எம்.ஏ.எல். எண் இருந்தால் போதுமா?

பட்டர்வொர்த் வாசகி ஒருவர் கேட்கிறார்: "அம்மாவுக்கு வயது 64. இனிப்புநீருக்கு அரசாங்க கிளினிக்கில் மெட்ஃபோர்மின் மட்டும் கொடுக்கிறார்கள். பக்கத்து வீட்டு அக்கா விற்கும் மூலிகைக் கேப்சூலை இரண்டு வாரம் சாப்பிட்டதில் காலைச் சர்க்கரை அளவு 11-இலிருந்து 6-க்கு (mmol/L) வந்துவிட்டது. எம்.ஏ.எல். எண்ணும் (மலேசிய அரசின் மருந்துப் பதிவு எண்) இருக்கிறது. கிளினிக் மாத்திரையை நிறுத்தலாமா?"

வேண்டாம். நிறுத்த வேண்டியது அந்தக் கேப்சூலைத்தான், இன்றே.

நீங்கள் சந்தோஷப்படும் அந்த 6-தான் சந்தேகத்தைக் கிளப்புகிறது. வெறும் இலையும் வேரும் இத்தனை வேகத்தில் சர்க்கரையை இறக்குவது அரிது. கிளிபென்கிளமைட் என்ற பழைய சர்க்கரை மருந்தை மூலிகைப் பொடியில் கலந்து விற்பது ஊரறிந்த மோசடி. அது கணையத்தை விரட்டி இன்சுலின் சுரக்கவைக்கும். சாப்பிடாத நேரத்திலும் விடாது. வயதானவர்கள், சிறுநீரகம் தளர்ந்தவர்கள் உடலில் நெடுநேரம் தங்கி, விடியற்காலையில் சர்க்கரையை 4-க்குக் கீழே இழுத்துவிடும். வியர்வை, நடுக்கம், உளறல் வரும். ஏஜெண்டைக் கேட்டால் "உடம்புக் கழிவு வெளியேறுது, பயப்படாதீங்க" என்பார். நம்பாதீர்கள்.

அப்படி நேர்ந்தால் மூன்று டீஸ்பூன் சீனியை அரை கிளாஸ் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து அளந்து, 4-ஐத் தாண்டவில்லையென்றால் திரும்பக் கொடுங்கள். ஏறிவிட்டாலும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். இந்த மருந்தில் சர்க்கரை மறுபடி மறுபடி இறங்கும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 999-ஐ அழையுங்கள்.

அடுத்து அந்த எண். எம்.ஏ.எல்., பிறகு 8 இலக்கம், கடைசியில் எழுத்து. 'டி' என்றால் பாரம்பரிய மருந்து. பாதுகாப்பும் தரமும் பார்த்துப் பதிகிறார்கள். இனிப்புநீரைக் குணமாக்கும் என்று யாரும் சான்று தரவில்லை. மருந்துகளைப் பதியும் அரசு அமைப்பான என்.பி.ஆர்.ஏ.-வின் இணையத்தளத்தில் எண்ணைத் தட்டிப் பாருங்கள். பொருளின் பெயரும் பதிவு பெற்ற நிறுவனமும் டப்பாவில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா? இன்னொரு பொருளின் எண்ணைத் திருடி ஒட்டுவதும் நடக்கிறது. இனிப்புநீரைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதை 1956-ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டமே தடுக்கிறது. ஆனால் வாட்சப் குழுவில் தினமும் அதேதான் ஓடுகிறது. ஒரு பக்கத்தை மூடினால் மறுநாள் வேறு பெயரில் திறக்கிறார்கள்.

"உடனே நிறுத்து" என்பதற்கு ஒரு விலக்கு. அம்மா மூட்டு வலிக்கும் ஏதாவது ஜாமு, மாஜூன் போன்ற மலாய் நாட்டு மருந்தை மாதக்கணக்கில் சாப்பிட்டு, முகம் உப்பி, தோல் எளிதில் கன்றிப்போயிருந்தால், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். அது சர்க்கரையையும் ஏற்றும். அதை மட்டும் சட்டென்று விடக்கூடாது. உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதை மறந்துபோயிருக்கும். திடீரென்று நிறுத்தினால் வாந்தி வரும், ரத்த அழுத்தம் விழும், உயிருக்கே ஆபத்தாகும். அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள், அவர் படிப்படியாகக் குறைப்பார்.

டப்பா, மிச்சக் கேப்சூல், ரசீது மூன்றையும் கிளினிக் மருந்தாளரிடம் கொண்டுபோங்கள். மூன்று நிமிடச் சந்திப்பில் "வேறு என்ன சாப்பிடுகிறீர்கள்" என்று கேட்க அங்கே யாருக்கும் நேரமில்லை. நீங்களே வாயைத் திறந்து சொல்லுங்கள். சிறுநீரக ரத்தப் பரிசோதனையும் எச்பிஏ1சி-யும் கேளுங்கள். எச்பிஏ1சி காட்டுவது கடந்த 2, 3 மாதச் சராசரி. இரண்டு வாரக் கேப்சூல் அதை முழுதாக மறைத்துவிட முடியாது.