குடும்பத்தில் யாருக்கும் இல்லாத ஹீமோஃபிலியா எங்கிருந்து வந்தது?

கேள்வி: ஒன்பது மாத மகன் தவழத் தொடங்கியதும் முழங்கால்கள் நீலமாகக் கன்றிப்போயின. தீவிர ஹீமோஃபிலியா ஏ (இரத்தத்தை உறைய வைக்கும் ஃபேக்டர் 8 என்ற புரதம் குறைவதால் வரும் இரத்தக்கசிவு நோய்) என்கிறார்கள். இரு வீட்டிலும் யாருக்கும் இல்லை. என்னால்தான் வந்தது என்கிறார் மாமியார்.

பதில்: அந்தப் பழியை முதலில் இறக்கி வையுங்கள், அம்மா. ஏறத்தாழ மூன்றில் ஒரு நோயாளிக்குக் குடும்ப வரலாறே இருப்பதில்லை. தீவிர ஹீமோஃபிலியா ஏ உள்ளவர்களில் சுமார் 45 சதவீதத்தினரிடம் இருப்பது ஒரே வகைப் பிறழ்வு, அதாவது மரபணு மாற்றம். எக்ஸ் குரோமோசோமில் இருக்கும் ஃபேக்டர் 8 மரபணுவின் 22ஆம் இன்ட்ரானில் (புரதத்துக்கான குறிப்பு இல்லாத இடைப்பகுதி) உள்ள ஒரு துண்டுக்கு, மரபணுவுக்கு வெளியேயும் நகல்கள் உண்டு. விந்தணு உருவாகும்போது எக்ஸ் குரோமோசோம் மடங்கி இந்த ஒத்த துண்டுகள் இணைந்துவிட்டால், இடைப்பட்ட பகுதி தலைகீழாகத் திரும்பி மரபணு இரண்டாக முறிகிறது. 1993இல் இது கண்டறியப்பட்டது. பெண்ணின் இரண்டு எக்ஸும் ஜோடி சேர்ந்துகொள்வதால் அங்கே இந்த மடிப்பு அரிது. உங்கள் மகனுக்கும் இதுவே என்றால், நோயே இல்லாத உங்கள் தந்தையின் விந்தணுவில் நேர்ந்து, உங்கள் வழியாகப் பேரனிடம் வெளிப்பட்டிருக்கலாம். இதில் யார் செய்த தவறும் இல்லை. இதை மாமியாருக்கும் படித்துக் காட்டுங்கள்.

கேள்வி: மரபணு வரிசை முழுவதும் பார்த்தும் பிறழ்வு இல்லை என்று அறிக்கை வந்தது. எப்படி?

பதில்: தலைகீழ் மாற்றத்துக்கான தனிச் சோதனை செய்தார்களா என்று கேளுங்கள். எழுத்து எதுவும் மாறாமல் திசை மட்டும் மாறியிருப்பதால் வழக்கமான வரிசைச் சோதனையில் அது தப்பிவிடும். நோய் லேசானது என்றால் வான் வில்லிபிராண்ட் என்ற இன்னொரு பரம்பரை இரத்தக்கசிவு நோயின் 2என் வகையையும் பார்க்க வேண்டும். அது ஹீமோஃபிலியா ஏ போலவே தோற்றம் காட்டும், பெண்களுக்கும் வரும்.

கேள்வி: தம்பிக்கு ஹீமோஃபிலியா ஏ. என் ஃபேக்டர் 8 அளவு 70 சதவீதம். நான் கடத்தி (நோய்ப் பிறழ்வைச் சுமந்து பிள்ளைகளுக்குக் கடத்தக்கூடியவள்) இல்லைதானே?

பதில்: அப்படிச் சொல்ல முடியாது. பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸில் ஒன்று செயலிழந்து அடங்கிவிடுகிறது. எது அடங்கும் என்பது தற்செயல். அதனால் கடத்திக்கும் அளவு இயல்பாக இருக்கலாம். முதலில் தம்பியின் பிறழ்வைக் கண்டுபிடித்து, அதையே உங்களிடம் தேடச் சொல்லுங்கள். கர்ப்பத்துக்கு முன்பே செய்துவிடுங்கள். கர்ப்பத்தில் ஃபேக்டர் 8 தானாகவே உயரும்.

கேள்வி: எனக்கு ஹீமோஃபிலியா. என் பிள்ளைகளுக்கு வருமா?

பதில்: மகன்கள் உங்களிடமிருந்து பெறுவது ஒய், அதனால் உங்கள் வழியாக அவர்களுக்கு வராது. மகள்கள் எல்லோரும் கடத்திகள். ஆனால் அக்கா மகளை மணந்திருந்தால் கணக்கே வேறு. அவரும் கடத்தியாக இருக்கலாம். அப்போது மகன், மகள் இருவருக்குமே நோய் வர வாய்ப்புண்டு.

கேள்வி: ஹீமோஃபிலியா பி (ஃபேக்டர் 9 குறைபாடு) வயதுக்கு வந்தால் சரியாகிவிடுமாமே?

பதில்: லெய்டன் வகைப் பிறழ்வாக இருந்தால் மட்டும், பருவமடைந்தபின் ஃபேக்டர் 9 உயரும். மற்றவர்கள் அதை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. மரபணுவில் பெரும்பகுதி அழிந்திருந்தால் ஃபேக்டர் 9 ஊசிக்கே கடும் ஒவ்வாமை வரலாம். அந்தக் குழந்தைகளுக்கு முதல் ஊசிகளை வீட்டில் போடாமல் மருத்துவமனையில்தான் போட வேண்டும்.