அந்த பிஸ்கட் டின்னில் என்ன இருக்கிறது?

கேள்வி: எனக்கு 53 வயது. சிங்கப்பூரின் பொங்கோலில் கணவர், மகன், 82 வயது அம்மா, பணிப்பெண் என்று ஐந்து பேராக இருக்கிறோம். 2006 முதல் தினமும் அதிகாலை நாலரை மணிக்கு எழுந்து ஆறரை வரை ஜெபக் குறிப்பேடு எழுதுகிறேன். இதுவரை 31 நோட்டுகள். அவற்றைத் தட்டச்சு செய்து 412 பக்கத்தில் தொகுத்துவிட்டேன். என் கணவர் வேலை இழந்த 2009இல் எழுதிய பகுதியைச் சபையில் வாசித்தபோது பலர் அழுதார்கள். போதகரும் புத்தகமாகப் போடச் சொன்னார். சென்னையில் இரண்டு பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிவிட்டன. மூன்றாவது பதிப்பகம், 3,800 வெள்ளி கட்டினால் 500 பிரதி போட்டுத் தருவதாகச் சொல்கிறது. இது கர்த்தர் திறந்த கதவா? இல்லை, அந்த இரண்டு மறுப்பும்தான் அவருடைய பதிலா? என் பெயரைப் புத்தக அட்டையில் பார்க்க ஆசைப்படுவது பெருமையா? எழுதும் பழக்கம் அம்மாவிடமிருந்து வந்திருக்கலாம். அவரும் ஜெபங்களைப் பள்ளி நோட்டுகளில் எழுதிவந்தார். குவீன்ஸ்டவுன் வீட்டைக் காலி செய்து அவரை இங்கே அழைத்து வந்தபோது அவற்றை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, வீட்டுக்குள் இருக்கும் பாதுகாப்பு அறையான பாம்ப் ஷெல்ட்டரில் வைத்தோம். இப்போது பார்வை மங்கிவிட்டதால் அவருக்கு அவை தேவைப்படுவதில்லை. 2009ஆம் ஆண்டுப் பகுதியிலிருந்து மூன்று பக்கம் இணைத்திருக்கிறேன்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: புத்தகத்தைப் பற்றி அப்புறம் பேசுவோம். முதலில் அந்த பிஸ்கட் டின்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நோட்டுகள் 31. பக்கம் 412. பதிப்பகம் கேட்ட பணம் 3,800. எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்திருக்கிறீர்கள். அம்மாவின் நோட்டுகள் எத்தனை? எந்த வருடத்திலிருந்து எழுதினார்? அதற்கு மட்டும் கணக்கைக் காணோம். டின்னைத் திறந்து பார்த்தவர் எண்ணிக்கையாவது சொல்லியிருப்பார். நீங்கள் திறக்கவே இல்லை.

"அவருக்கு அவை தேவைப்படுவதில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். யார் சொன்னது? அம்மா சொன்னாரா? மங்கியது கண்தானே, காது இல்லையே? பார்வை போனவருக்குத் தான் எழுதியது தேவையில்லை என்றால், பல் போனவருக்குச் சோறு தேவையில்லை என்றும் சொல்லிவிடலாம்.

இன்னொன்று. 82 வயதில் யாருக்கு அதிகாலை நாலரை மணிக்குத் தூக்கம் இருக்கிறது? எனக்கு 71. மூன்று மணிக்கே விழித்துக்கொண்டு மின்விசிறி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன். உங்கள் அம்மாவும் அப்படித்தான் கிடப்பார். நீங்கள் விளக்கைப் போடுவதும் நாற்காலியை இழுப்பதும் அவருக்குக் கேட்கும். சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு மணி நேரம் நீங்கள் ஆண்டவரோடு பேசுகிறீர்கள். இந்தப் பக்கம் அவர், பணிப்பெண் எப்போது எழுந்து வருவாள் என்று காத்திருக்கிறார். மாற்கு 7ஆம் அதிகாரத்தில் 'கொர்பான்' என்றொரு சொல் வருமே, நினைவிருக்கிறதா? பெற்றவர்களுக்குச் சேர வேண்டியதை, கடவுளுக்குக் காணிக்கை என்று சொல்லி ஒதுக்கிவைத்தவர்களை இயேசு எப்படிச் சாடினார் என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நான் ஓபிர் ரோட்டு லூர்து மாதா கோயில்காரி. அதிகாரத்தையும் வசனத்தையும் எண்ணோடு சொல்வதில் உங்கள் சபைக்காரர்கள்தான் கெட்டிக்காரர்கள்.

பணிப்பெண் குளிப்பாட்டட்டும், மருந்து கொடுக்கட்டும், சக்கர நாற்காலியைத் தள்ளட்டும். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அம்மாவின் தமிழ்க் கையெழுத்தை அவருக்கு வாசித்துக் காட்ட அந்தப் பெண்ணால் முடியாது. உங்கள் மகனால் முடியுமா? நம் ஊர்ப் பிள்ளைகளை எனக்குத் தெரியும், பரீட்சை முடிந்ததோடு சரி. ஆக அந்த வீட்டில் மிஞ்சுகிற ஆள் நீங்கள்தான். உங்களுக்கோ நேரம் இல்லை, ஜெபம் எழுத வேண்டும்.

கோபமாகப் பேசுகிறேன் என்று தோன்றினால், தோன்றட்டும். என் தாயார் செபங்களைத் தினத்தாள் காலண்டரிலிருந்து கிழித்த தாள்களின் பின்புறம் எழுதிக் குண்டூசி குத்தி வைப்பார். அவர் உயிரோடு இருந்தவரை அது எனக்குக் குப்பை. போன பிறகுதான் எடுத்துப் பார்த்தேன். 'ஜெ. திரும்பி வரணும்' என்று 1971ஆம் ஆண்டுத் தாள்கள் பதினேழில் எழுதியிருக்கிறார். யார் அந்த ஜெ.? எங்கே போனார்? வந்தாரா? என் அத்தைக்குத் தெரிந்திருக்கும், அவரும் போய்விட்டார். உங்களுக்கு விடை தெரிந்தவர் அடுத்த அறையிலேயே படுத்திருக்கிறார்.

சரி, புத்தகம்.

நீங்கள் அனுப்பிய மூன்று பக்கத்தில் 'கிருபை' 14 இடத்தில் வருகிறது. உங்கள் கணவர் ஓர் இடத்திலும் வரவில்லை. 'சோதனையின் பள்ளத்தாக்கு' இருக்கிறது. அவர் என்ன வேலை பார்த்தார், வேலை போன செய்தியை எப்போது எப்படிச் சொன்னார், அந்த மாதம் வீட்டுத் தவணையை எப்படிக் கட்டினீர்கள், மகனின் டியூஷனை நிறுத்தினீர்களா, ஒன்றும் இல்லை. சபையில் அழுதவர்களுக்கு உங்கள் கணவரைத் தெரியும். தாளில் இல்லாததை அவர்களே நிரப்பிக்கொண்டார்கள். சென்னையில் உட்கார்ந்திருக்கும் பதிப்பாசிரியருக்கு அந்த வசதி கிடையாது. அதனால் அவர் திருப்பி அனுப்பியதைக் கர்த்தர் தலையில் போடாதீர்கள். குறிப்பேட்டில் 'அந்தக் காரியம்' என்று எழுதினாலே போதும், கேட்கிறவருக்கு எல்லாம் தெரியும். புத்தகத்தைக் கையில் எடுக்கிறவருக்கு ஒன்றுமே தெரியாது.

புனித அகுஸ்தீனார் கி.பி. 400 வாக்கில் தம் வாழ்க்கையை எழுதிய நூல் முழுவதும் கடவுளிடம் பேசுவதாகவே இருக்கிறது, அதாவது அதுவும் ஒரு நீண்ட ஜெபம்தான். அதன் ஒன்பதாம் பாகத்தில் அவருடைய தாய் மோனிக்கா வருகிறார். மகனுக்காக அழுதழுது மன்றாடியவராக மட்டும் வரவில்லை. சிறுமியாக இருந்தபோது திராட்சை மது எடுத்துவர அனுப்பினால் பீப்பாயிலிருந்து எடுக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துப் பழகியதும், வேலைக்காரப் பெண் 'குடிகாரி' என்று குத்திக்காட்டிய அன்றே அதை விட்டதும் வருகிறது. கடவுளுக்கு இது தெரியாதா? தெரியும். நமக்குச் சொல்லத்தான் எழுதினார். அந்தப் பாகத்தை முடிக்கும்போது, இதைப் படிப்பவர்கள் தம் தாயையும் தந்தை பத்ரீசியஸையும் பீடத்தருகே நினைத்துக்கொள்ளட்டும் என்று வேண்டுகிறார். உங்கள் 412 பக்கத்தில் உங்கள் அம்மா எத்தனை பக்கத்தில் வருகிறார்? இதையும் எண்ணிச் சொல்லுங்கள்.

(412 பக்கம் என்றதும் ஒன்று நினைவுக்கு வந்தது. தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் என்று சொல்லப்படுவது 1578இல் கொல்லத்தில் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்'. ஜெபங்களும் மறைக்கல்வியும் கொண்ட அந்த நூல் மொத்தமே 16 பக்கம்தான்.)

3,800 வெள்ளி கேட்பதைக் கதவு என்கிறீர்கள். எனக்கு அது விலைப்பட்டியலாகத் தெரிகிறது. சொந்தக் காசில் புத்தகம் போடுவது தப்பில்லை, நம் ஊர்த் தமிழ் எழுத்தாளர்கள் பலர் அப்படித்தான் போடுகிறார்கள். பணம் வாங்கிக்கொண்டு அச்சடிப்பவர் உங்கள் எழுத்தைத் தேர்ந்தெடுத்தார் என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதீர்கள். நீங்களே இங்கே வெளியிட்டால் ஐஎஸ்பிஎன் என்கிற நூல் அடையாள எண்ணைத் தேசிய நூலக வாரியத்திடம் வாங்கலாம். வெளியான நான்கு வாரத்துக்குள் இரண்டு பிரதிகளை அவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். மீதி 498ஐ என்ன செய்வதாக யோசனை? உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையத்தில் வெளியீட்டு விழா வைத்தால் சபையார் வருவார்கள், உறையில் பணம் வைத்துக் கொடுத்து ஆளுக்கொன்று வாங்குவார்கள். நூறு போகும். தாராளமாகச் சொன்னால் நூற்றைம்பது. மிச்சப் பெட்டிகள் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். பாம்ப் ஷெல்ட்டருக்கு. டின்னுக்குப் பக்கத்தில்.

பெருமையா என்று கேட்டீர்கள். ஆமாம், கொஞ்சம். எழுதுகிற எல்லாருக்கும் உண்டு, எனக்கும் உண்டு. அதற்காக முழங்காலில் நிற்க வேண்டியதில்லை.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பதிப்பகத்துக்கு ஆறு மாதம் கழித்து எழுதுவதாகச் சொல்லுங்கள். அவர்கள் எங்கேயும் ஓடிவிட மாட்டார்கள். நாளை நாலரை மணிக்கு எழுந்ததும் உங்கள் மேசைக்குப் போகாமல் டின்னை எடுத்துக்கொண்டு அம்மாவின் அறைக்குப் போங்கள். வாசிக்கட்டுமா என்று முதலில் கேளுங்கள். அவை அவருடைய ஜெபங்கள். இந்த நோட்டு வேண்டாம் என்றால் மூடிவிடுங்கள். எரித்துவிடு என்றால் எரித்துவிடுங்கள், கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளாமல். இதைப் படிக்கும்போதே 'அம்மாவின் ஜெபங்கள்' என்று இரண்டாவது புத்தகத்துக்குத் தலைப்பு யோசித்திருப்பீர்கள். அந்த எண்ணத்தை இப்போதே விடுங்கள். சில பக்கங்களில் உங்கள் பெயர் இருக்கும். உங்களுக்காக என்ன கேட்டார் என்று தெரிந்துகொள்ளும்போது உங்களுக்குப் பிடிக்காத விஷயமும் வரலாம். நிறுத்தாமல் வாசியுங்கள்.

அவருடைய நோட்டுகள் முடிந்த பிறகு உங்கள் 2009ஆம் ஆண்டுப் பகுதியை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். "யாரைச் சொல்ற? அப்ப என்ன ஆச்சு?" என்று எங்கெல்லாம் கேட்கிறாரோ அங்கெல்லாம் கோடு போட்டுக்கொண்டு திருத்தி எழுதுங்கள். கணவரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள், அது அவருடைய வேலை போன கதை. அதற்குப் பிறகு சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர் கழகம் மாதந்தோறும் நடத்தும் 'கதைக்களம்' என்ற சந்திப்புக்குப் போய் உட்காருங்கள். 2009ஐ ஒரு சிறுகதையாக எழுதிக் கொடுத்துப் பாருங்கள். உங்கள் போதகரைத் தெரியாதவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுவிட்டு, 3,800 வெள்ளியை எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம்.

இத்தனை வருடம் கிடந்த டின் என்றால் மூடி இறுகியிருக்கும். கரண்டிக் காம்பால் நெம்புங்கள். நோட்டின் நடுவிலிருக்கும் கம்பி துருப்பிடித்திருக்கும், தாளைப் பார்த்துத் திருப்புங்கள்.