வயதுபோன சிலந்தியை எப்படிப் பார்த்துக்கொள்வது?

வளர்ப்பு உயிர்கள்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: அன்புள்ள அக்கா, 2009இல் மகனின் எட்டாவது பிறந்தநாளுக்கு ஒரு டரன்டுலா சிலந்தி வாங்கிக் கொடுத்தோம். சிலி நாட்டு ரோஸ் இனம் என்று கடையில் சொன்னார்கள். அப்போதே என் உள்ளங்கை அளவு இருந்தது. மகன் இப்போது லீட்ஸில் வேலை செய்கிறான், சிலந்தி ரோசி என்னோடுதான் இருக்கிறாள். பொங்கலுக்குப் பிறகு அவள் ஒன்றும் சாப்பிடவில்லை. கண்ணாடியில் ஏறப்போய் வழுக்கி விழுகிறாள். வயிற்றின் மேல் மயிர் கொட்டி மொட்டையாகிவிட்டது. இரண்டு நாளாகத் தண்ணீர்த் தட்டுக்குப் பக்கத்தில் கால்களை ஒடுக்கிக்கொண்டு இருக்கிறாள். சாகப் போகிறாளா? "ஃப்ரீசருக்குள் வைத்தால் நித்திரையிலேயே போய்விடும்" என்கிறார் கணவர். ஒரு பூச்சிக்காக இவ்வளவு கவலையா என்று வீட்டுக்கு வருகிறவர்கள் சிரிக்கிறார்கள். நான் என்ன செய்ய?
- பெயர் வேண்டாம், ஹரோ, லண்டன்

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதம் கிடைத்த அன்றைக்கே தொலைபேசியில் தண்ணீர் விஷயத்தை மட்டும் அவசரமாகச் சொன்னேன். அடுத்த நாள் ரோசி கால்களை விரித்துவிட்டாள் என்று நீங்கள் சொன்னபோது எனக்கு வந்த நிம்மதி கொஞ்சமல்ல. வேறு வீடுகளிலும் இதே நிலையில் சிலந்திகள் இருக்கலாம் என்பதால் முழுவதையும் எழுதுகிறேன்.

சிலந்தியின் காலில் மடக்குவதற்குத் தசை இருக்கிறது. ஆனால் முக்கியமான இரண்டு மூட்டுகளில் நீட்டுவதற்குத் தசை கிடையாது. உடம்பில் ஓடும் திரவத்தை அழுத்தித்தான் அது காலை நீட்டுகிறது. உடம்பில் நீர் குறைந்தால் அந்த அழுத்தமும் குறையும், கால்கள் உள்ளே சுருளும். செத்த சிலந்தி கால்களைச் சுருட்டிக்கொண்டு கிடப்பதும் இதனால்தான். ஆகவே கால் ஒடுங்கியதைக் கண்டதும் 'முடிந்தது' என்று நினைக்காதீர்கள். வெறும் தாகமாகவும் இருக்கலாம், தாகமென்றால் காப்பாற்றலாம்.

வயதுபோன சிலந்தி தட்டு வரைக்கும் வந்துவிட்டு, விளிம்பில் ஏறிக் குடிக்கத் தெம்பில்லாமல் அப்படியே இருந்துவிடும். அதனால் ஆழமில்லாத ஒரு சோசரில் சிறிது தண்ணீர் விட்டு, சிலந்தியின் முன்பாதியை மட்டும் அதன் விளிம்பில் படும்படி வையுங்கள். அதன் வாய் தலைப்பகுதிக்கு அடியில், நச்சுப்பற்களுக்குப் பின்னால் இருக்கிறது. மூச்சு விடும் நுரையீரல்களோ வயிற்றின் அடிப்பக்கத்தில் இருக்கின்றன. வாய் நனைய வேண்டும், வயிறு நனையக் கூடாது. இதில் மாறிவிட்டால் உதவி செய்யப் போய் மூச்சடைக்க வைத்துவிடுவோம். சில மணி நேரம் அப்படியே விடுங்கள், அடிக்கடி தூக்கிப் பார்க்க வேண்டாம். ரோசிக்கு இனிமேல் உயரமான தட்டு வேண்டாம். போத்தல் மூடி போலத் தட்டையான ஒன்றை, தொட்டித் தரையில் போடுகிற தும்புச்சோற்றில் (தேங்காய் மட்டைத் துகள்) விளிம்பு வரைக்கும் புதைத்து, எப்போதும் நிரப்பி வையுங்கள்.

அடுத்தது சாப்பாடு. ரோசி பொங்கலிலிருந்து சாப்பிடவில்லை என்பது எனக்குப் பெரிய கவலை தரவில்லை. சிலி ரோஸ் இனம் பட்டினிக்குப் பேர்போனது. நல்ல ஆரோக்கியமாக இருக்கும்போதே மாதக்கணக்கில் சாப்பாட்டைத் திரும்பிப் பார்க்காது, ஒரு வருடத்தைத் தாண்டியும் இருக்கும். பார்க்க வேண்டியது வயிற்றின் பருமனைத்தான். வயிறு உருண்டையாக இருந்தால் உள்ளே சேமிப்பு இருக்கிறது. முன்பாதியைவிடச் சிறுத்து, சுருக்கம் விழுந்தால்தான் பயப்பட வேண்டும்.

அந்த மொட்டையைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். அதன் நிறம் என்ன? இந்த இனங்கள் பயந்தால் பின்னங்காலால் வயிற்று மயிரை உதறிவிடும், அதனால் வருகிற மொட்டை தோல் நிறத்தில் இருக்கும். அது நாளாக ஆகக் கறுத்துக்கொண்டு வந்தால் உள்ளே புதுத் தோல் தயாராகிறது, சட்டை உரிக்கப் போகிறது என்று அர்த்தம். உரிப்பதற்கு முன்பும் சிலந்தி சாப்பிடாது, மந்தமாக இருக்கும். கிழடு என்று நாம் நினைக்கிற அடையாளங்கள் பல இதற்கும் பொருந்தும். பெண் டரன்டுலா வளர்ந்த பிறகும் சாகும்வரை சட்டை உரிக்கும். வயது போகப் போக இரண்டு உரிப்புகளுக்கு நடுவே வருடங்கள்கூடப் போகும்.

இதை நான் திரும்பத் திரும்பச் சொல்லக் காரணம் உண்டு. உரிக்கும்போது சிலந்தி மல்லாந்து படுக்கும். பார்க்கிறவர்கள் செத்துவிட்டது என்று நினைத்து நிமிர்த்திவிடுவார்கள், எடுத்துப் புதைத்தவர்களும் உண்டு. சாகிற சிலந்தி பெரும்பாலும் நிமிர்ந்த நிலையில், கால்களை அடியில் சுருட்டிக்கொண்டுதான் சாகும். ரோசி ஒருநாள் மல்லாந்து கிடந்தால் இரையாகப் போட்ட சில்வண்டு உள்ளே இருந்தால் உடனே எடுத்துவிடுங்கள், ஏனென்றால் அந்த நேரத்தில் ஒரு சின்னச் சில்வண்டே அவளைக் கடித்துக் கொன்றுவிடும். பிறகு அறைக் கதவைச் சாத்திவிட்டு வெளியே வாருங்கள். கிழச் சிலந்திக்கு இது ஒரு முழுநாள்கூட எடுக்கலாம். முடிந்த பிறகு நச்சுப்பற்கள் வெள்ளையாக, மென்மையாக இருக்கும். அவை கறுத்து இறுகும்வரை, இரண்டு வாரமாவது, தண்ணீர் மட்டும் போதும். கிழ வயதில் சட்டை உரிப்பது ஆபத்தானது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. பாதியில் தெம்பு போய், கால் உள்ளே சிக்கி, அப்படியே முடிந்துவிடுகிற சிலந்திகள் உண்டு. அதை நாம் கையால் இழுத்துச் சரி செய்ய முடியாது.

வீட்டைக் கொஞ்சம் மாற்றுங்கள். அவளுக்கு இப்போது ஆபத்து உயரம். பாதத்தில் பிடிப்புக் குறைந்ததால்தான் வழுக்குகிறாள். டரன்டுலாவின் வயிறு மெல்லிய தோல், ஒரு சாண் உயரத்திலிருந்து கல்லில் விழுந்தாலே வெடித்துவிடலாம். தும்புச்சோற்றைக் கூட்டிப் போட்டு மூடிக்கும் தரைக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் குறையுங்கள், அவள் கால் விரித்த அகலத்தின் ஒன்றரை மடங்குக்கு மேல் வேண்டாம். கல், சட்டித்துண்டு போன்ற கூரானவற்றை எடுத்துவிடுங்கள். ஒளிந்துகொள்ள ஒரு மரப்பட்டை இருந்தால் போதும். சூட்டு விளக்கு தேவையில்லை, அது உடம்பை உலர்த்திவிடும். உங்களுக்குச் சுகமான அறை வெப்பம் அவளுக்கும் சுகம்தான்.

எங்கள் வீடுகளில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நுளம்புத்திரி, செருகி வைக்கிற நுளம்பு மருந்து, கரப்பானுக்கு அடிக்கிற ஸ்ப்ரே, பூனைக்கு விடுகிற உண்ணி மருந்து எல்லாமே பூச்சிகளின் நரம்பைத் தாக்கச் செய்தவை. சிலந்தியின் நரம்பும் தப்பாது. ரோசி நடுங்கி, கால்கள் ஒன்றோடொன்று பின்னி, நேராக நடக்க முடியாமல் தடுமாறினால் அதை முதுமையின் கணக்கில் எழுதிவிடாதீர்கள், அறையில் யார் என்ன அடித்தார்கள் என்று விசாரியுங்கள். சாம்பிராணிப் புகையும் அந்த அறையில் வேண்டாம்.

அவள் சாப்பிட விரும்பினால் உயிரோடு ஓடுகிற பூச்சியைப் போட வேண்டாம். துரத்திப் பிடிக்கிற வேகம் அவளிடம் இல்லை. ஒரு சில்வண்டையோ மாவுப்புழுவையோ கொன்று, கொஞ்சம் பிளந்து, நீளமான இடுக்கியால் வாய்க்கு முன்னால் வையுங்கள். சிலந்தி மென்று தின்பதில்லை, இரையைக் கரைத்துச் சாறாக உறிஞ்சுவதுதான் அதன் வழக்கம், ஆகவே பிளந்த இரை சுலபம். காலையில் தொடாமல் கிடந்தால் எடுத்துவிடுங்கள். வற்புறுத்த வேண்டாம்.

கடையில் வாங்கும்போதே அவள் முழு வளர்ச்சி அடைந்திருந்தாள். அந்தக் காலத்தில் விற்ற சிலி ரோஸ்களில் பல காட்டிலிருந்து பிடித்து வந்தவை, எத்தனை வயது என்று யாருக்கும் தெரியாது. இந்த இனத்துப் பெண் சிலந்தி 20 வருடத்தைத் தாண்டும். ரோசி தன் ஆயுளின் கடைசிப் பகுதியில் இருக்கிறாள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மகனுக்கு இன்றைக்கே சொல்லுங்கள். வேலையில் இருக்கிற பிள்ளை, கவலைப்படுவான் என்று மறைக்க வேண்டாம். அவள் அவனுடைய சிலந்தி. ஒரு சனி ஞாயிறு வந்து பார்த்துவிட்டுப் போகட்டும்.

இனி ஃப்ரீசர். கணவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், முன்பு புத்தகங்களிலும் அப்படித்தான் எழுதினார்கள். இப்போது மிருக வைத்தியர்கள் குளிரை மட்டும் வைத்து உயிரைப் போக்குவதை ஏற்பதில்லை. முதலில் மயக்க வாயு கொடுத்து முழுதாக மயங்க வைத்து, அதன் பிறகே அடுத்த கட்டம். சிலந்திக்கு வலிக்குமா என்று கேட்பீர்கள். வலிக்கும் என்று எடுத்துக்கொண்டு நடப்பதுதான் வைத்தியசாலையில் தாதியாக இருந்த காலத்திலிருந்து என் வழக்கம். எல்லா மிருக வைத்தியசாலையிலும் சிலந்தி பார்க்க மாட்டார்கள். ஊர்வன, சிலந்தி பார்க்கிற இடம் உங்கள் பக்கத்தில் எது என்று இப்போதே விசாரித்து எண்ணை எழுதி வையுங்கள்.

எப்போது கூப்பிட வேண்டும்? வயிறு வெடித்துத் திரவம் நிற்காமல் வந்தால், தண்ணீர் கொடுத்தும் பல நாளாக நிமிர்ந்து நிற்க முடியாவிட்டால், வாயைச் சுற்றி வெள்ளையாகப் பசைபோலப் படிந்து துர்நாற்றம் வந்தால். கடைசியாகச் சொன்னது நூற்புழு (நூல் போன்ற மிகச் சிறிய ஒட்டுண்ணிப் புழு) நோயாக இருக்கலாம், வேறு சிலந்திகள் வளர்த்தால் அவற்றுக்கும் பரவும். இவை எதுவும் இல்லாமல் மெல்ல மெல்ல அடங்குகிறாள் என்றால் அவளை அவளுடைய இருட்டு மூலையிலேயே விடுங்கள். கையில் எடுத்து மடியில் வைத்திருக்க மனம் கேட்கும். அது நமக்கு ஆறுதல், அவளுக்கு அலைச்சல்.

அசைவு நின்ற பிறகும் உடனே புதைக்காதீர்கள். மென்மையான தூரிகையால் காலைத் தொட்டுப் பாருங்கள். ஓரிரு நாள் அறையிலேயே வைத்திருங்கள், வயிறு வற்றி மணம் மாறினால்தான் உறுதி. புதைக்கும்போதும் கையுறை போடுங்கள். அந்த மயிர் செத்த பிறகும் மயிர்க்கொட்டிப் புழு பட்டதுபோல அரிக்கும், கண்ணில் பட்டால் மாதக்கணக்கில் வைத்தியம் பார்க்க வேண்டி வரும். சிரிக்கிறவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. பதினைந்து வருடத்துக்கு மேல் ஒரு உயிருக்குத் தண்ணீர் ஊற்றியவர் கவலைப்படாமல் வேறு யார் கவலைப்படுவது?

கேள்வி: சிலந்தி ஒன்று 43 வருடம் வாழ்ந்ததாக மகள் சொல்கிறாள். உண்மையா?
- ஒரு வாசகர், பாரிஸ்

பதில்: உண்மைதான். மேற்கு ஆஸ்திரேலியாவில் பார்பரா யோர்க் மெய்ன் என்ற ஆய்வாளர் 1974இல் ஒரு காட்டுத்துண்டில் கதவுப்பொறிச் சிலந்திகளின் (மண்ணில் வளை தோண்டி அதற்கு மூடி போட்டு வாழ்பவை) வளைகளுக்கு இலக்கமிட்டுக் கவனிக்கத் தொடங்கினார். அதில் 16ஆம் இலக்கச் சிலந்தி 2016 வரை அதே வளையில் வாழ்ந்தது. டரன்டுலாவுக்கு ஒன்றுவிட்ட உறவு என்று சொல்லலாம். முதுமையால் அது சாகவில்லை, ஒட்டுண்ணிக் குளவிதான் வளைமூடியைத் துளைத்துக் கொன்றது. பெண் சிலந்தி என்பதைக் கவனியுங்கள். ஆணின் கதை வேறு, அதற்கு அடுத்த கடிதம்.

கேள்வி: அன்ரி, என்னுடைய மெக்சிக்கன் ரெட் நீ சிலந்தியைப் பெண் என்றுதான் விற்றார்கள். போன கோடையில் சட்டை உரித்தது. அதன் பிறகு சாப்பாடு குறைவு, இரவு முழுக்கத் தொட்டியைச் சுற்றிக்கொண்டே இருக்கிறது, உடம்பும் மெலிந்துவிட்டது. பெண் 20 வருடத்துக்கு மேல் இருக்கும் என்று நம்பியிருந்தேன். நோயா?
- மாணவர், ஸ்காபரோ, கனடா

பதில்: தம்பி, முகத்துக்குப் பக்கத்தில் இருக்கிற இரண்டு சின்னக் கால்களின் நுனியைப் பாருங்கள். குத்துச்சண்டைக் கையுறை போட்டதுபோலத் தடித்திருக்கிறதா? முதல் சோடிக் கால்களின் அடியில் கொக்கி மாதிரி ஒன்று தெரிகிறதா? இரண்டும் இருந்தால் அவன் ஆண், முழு வளர்ச்சி அடைந்துவிட்டான். அந்தச் சட்டையே பெரும்பாலும் அவனுடைய கடைசிச் சட்டை.

நீங்கள் செய்த எதனாலும் இது வரவில்லை. காட்டில் இருந்தால் இந்தக் காலத்தில் அவன் வளையை விட்டுவிட்டுப் பெண்ணைத் தேடி நடந்துகொண்டே இருப்பான். தொட்டிக்குள்ளும் அதையே செய்கிறான். இதற்குப் பிறகு சில மாதங்கள், நன்றாக இருந்தால் ஒன்றிரண்டு வருடம். அவனுக்கு மருந்து கிடையாது, தேவையும் இல்லை. நடக்க அகலமான தரை கொடுங்கள், உயரம் வேண்டாம். மூடியை இறுகப் பூட்டுங்கள், சுற்றுகிற ஆண்கள் சிறு இடைவெளியையும் கண்டுபிடித்துவிடும். சின்ன இரை, எப்போதும் தண்ணீர்.

கடைசி நாளை வெளியில் கழிக்கட்டும் என்று தோட்டத்தில் விட்டுவிட வேண்டாம், கனடாக் குளிரில் ஒரு இரவு தாங்க மாட்டான். வளர்ப்பவர்கள் யாராவது இனப்பெருக்கத்துக்குக் கேட்டால் கொடுக்கலாமா என்று யோசிப்பீர்கள். இந்த இனம் 1985இலிருந்து சைட்டிஸ் (ஆபத்தில் உள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்துகிற ஒப்பந்தம்) பட்டியலில் இருக்கிறது, காட்டிலிருந்து பிடிப்பதைவிட வீட்டில் பிறப்பது எவ்வளவோ மேல். ஆகவே நம்பிக்கையான ஆள் என்றால் கொடுக்கலாம். ஆனால் பெண் அவனைப் பிடித்துத் தின்றுவிடவும் கூடும். அதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். கொடுக்க மனமில்லை என்றாலும் சரி, உங்களோடேயே இருக்கட்டும். அப்படியென்றால் தங்கச்சிக்கு மேலே எழுதிய தண்ணீர்த் தட்டு, இரை, தும்புச்சோறு விஷயங்கள் அப்படியே உங்களுக்கும் பொருந்தும்.