சாயப்பட்டறையும் ஒரு வேதியியல் பட்டமும்

பி.எஸ்சி. வேதியியல் இறுதியாண்டு படிக்கும் உங்கள் மகள் சுற்றுச்சூழல் தணிக்கைத் துறைக்குப் போக ஆசைப்படுகிறாள் என்றும், "மரம் நடும் வேலைக்கு எதற்கு முதுகலைப் பட்டம்?" என்று உறவினர்கள் கேலி செய்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். திருப்பூரில் குடியிருக்கும் குடும்பத்தில் இந்தக் கேலி எழுவது எனக்கு வியப்பாக இருக்கிறது. கழிவுநீர் வெளியேற்றத்தை முற்றிலும் நிறுத்தாத சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது ஊர் பட்ட பாட்டை உங்கள் உறவினர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நொய்யல் ஆறும் அதன் குறுக்கே உள்ள ஒரத்துப்பாளையம் அணையும் சாயக்கழிவால் பாழான பிறகு வந்த உத்தரவு அது. இன்று பட்டறையின் கதவு திறந்திருக்க வேண்டுமானால், கழிவுநீர்க் கணக்கும் சரியாக இருக்க வேண்டும்.

அந்தக் கணக்கைப் பார்ப்பதுதான் உங்கள் மகள் கேட்கும் வேலை. பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும். அந்த உப்பு கிட்டத்தட்ட முழுக்கக் கழிவுநீரில் இறங்கும். உயிரியல் சுத்திகரிப்பு உப்பை நீக்காது; அதற்கு உப்பைச் சவ்வு வழியே பிரிக்கும் ஆர்.ஓ. வேண்டும், அதிலும் மிஞ்சும் அடர்கரைசலைக் கொதிகலன் நீராவியால் சூடேறும் எவாப்பரேட்டரில் வற்றவைக்க வேண்டும். இதற்கான செலவு முதலாளியை உறுத்தும். ஆகவே நல்ல தணிக்கையாளர் ஆய்வக அறிக்கையோடு நிற்க மாட்டார். உள்ளே வந்த தண்ணீர் எவ்வளவு, மீட்டது எவ்வளவு, வாங்கிய உப்பு எவ்வளவு என்று கேட்பார். பிறகு கொதிகலனுக்கு வாங்கிய விறகின் ரசீதையும் மின்கட்டணத்தையும் எடுத்து வைப்பார். எவாப்பரேட்டர் ஓடியதாகப் பதிவேடு சொல்லும் மாதத்தில் விறகுச் செலவு பாதியாகக் குறைந்திருந்தால், அந்தக் கழிவுநீர் எங்கே போனது? இந்தக் கேள்வியைக் கேட்க வேதியியல் தெரிந்திருக்க வேண்டும், ஆலை ஓடும் விதமும் தெரிந்திருக்க வேண்டும்.

ஐ.எஸ்.ஓ. 14001 பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஒரு நிறுவனம் தன் சுற்றுச்சூழல் பொறுப்பை எப்படி நிர்வகிக்க வேண்டும் என்று சொல்லும், 1996இல் முதன்முதலில் வெளிவந்த சர்வதேசத் தரநிலை அது. நீரில் எத்தனை மில்லிகிராம் இருக்கலாம் என்று அது வரையறுக்காது. அந்த வரம்பு சட்டமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலையை இயக்கத் தரும் இசைவாணையும் விதிப்பது. தன் பாதிப்புகளை நிறுவனம் கண்டறிந்ததா, பொறுப்பைப் பகிர்ந்ததா, தானே உள்தணிக்கை செய்து குறையைத் திருத்துகிறதா என்பதைத்தான் தரநிலை பார்க்கும். சான்றிதழ் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். இடையில் ஆண்டுதோறும் கண்காணிப்புத் தணிக்கை உண்டு. சுவரில் சட்டமிட்ட சான்றிதழை மட்டும் வைத்து ஓர் ஆலை சுத்தமானது என்று முடிவு கட்டுவதை நான் ஏற்பதில்லை.

உங்கள் உண்மையான கவலை கடிதத்தின் நடுவில் ஒளிந்திருக்கிறது: ஆலையிடம் சம்பளம் வாங்கிக்கொண்டு ஆலையின் குறையை எழுத முடியுமா? நியாயமான கேள்வி. குஜராத்தில் எஸ்தர் டஃப்லோ உள்ளிட்ட பொருளியலாளர்கள் இதையே ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள். ஆலையே தணிக்கையாளரைத் தேர்ந்து பணம் கொடுத்த பழைய முறையில், புகைத்தூசு அளவுகள் அனுமதி வரம்புக்குச் சற்றுக் கீழே வந்து குவிந்தன. வரம்பை மீறியதாகத் தணிக்கையாளர்கள் காட்டிய ஆலைகள் 7 சதவீதம். மறு அளவீட்டில் மீறியவை 59 சதவீதம். குலுக்கல் முறையில் தணிக்கையாளரை ஒதுக்கி, பொது நிதியிலிருந்து ஊதியம் கொடுத்து, சிலவற்றை மறுபடி அளந்து பார்த்தபோது அறிக்கைகள் நேராயின. ஆலைகளும் மாசைக் குறைத்தன. 2025இல் மத்திய அரசு அறிவித்த சுற்றுச்சூழல் தணிக்கை விதிகளும் பதிவு பெற்ற தணிக்கையாளர்களைக் கொண்டு வருகின்றன. அழுத்தம் இதனால் மறைந்துவிடாது. பொய் அளவுக்குக் கையெழுத்துக் கேட்கும் நிறுவனத்தை விட்டு விலகும் துணிவு உங்கள் மகளுக்கு வேண்டும். அப்படி விலகி வந்தால் வீட்டில் திட்டாத பெற்றோரும் வேண்டும்.

இனி படிப்பு. பட்டத்தின் பெயரில் 'சுற்றுச்சூழல்' இருந்தாக வேண்டும் என்பதில்லை. எம்.எஸ்சி. வேதியியலோ சுற்றுச்சூழல் அறிவியலோ, ஆய்வகம் வலுவாக உள்ள கல்லூரியாகப் பாருங்கள். எம்.இ. சுற்றுச்சூழல் பொறியியலுக்குப் பொதுவாக பி.இ. அல்லது பி.டெக். கேட்பார்கள், அந்தக் கதவை இப்போது தட்ட வேண்டாம். ஐந்து நாள் லீட் ஆடிட்டர் (தலைமைத் தணிக்கையாளர்) பயிற்சிக்கு உடனே பணம் கட்டச் சொல்லும் விளம்பரங்களுக்கும் அவசரப்படாதீர்கள். அனுபவம் இல்லாதவர் கையில் அந்தச் சான்றிதழ் அதிகம் பேசாது. மூன்று நான்கு ஆண்டுகள் ஆலையில் இருந்துவிட்டுப் போனால், அங்கே சொல்லும் ஒவ்வொரு வரியும் புரியும்.

பங்குச் சந்தையில் சந்தை மதிப்பில் முதல் 1000 இடங்களில் உள்ள நிறுவனங்கள் 2022-23 முதல், பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் விதிப்படி, தங்கள் சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பைச் சொல்லும் நிலைத்தன்மை அறிக்கை தர வேண்டியிருப்பதால், நகரத்து அலுவலகங்களில் எக்செல் முன் அமரும் வேலைகளும் பெருகியிருக்கின்றன. அதில் தவறில்லை. இருந்தாலும் முதல் வேலையாக அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எண் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காதவருக்கு, தவறான எண் கண்ணில் படாது.

இந்த விடுமுறையில் பல பட்டறைகளின் கழிவுநீரைச் சேர்த்துச் சுத்திகரிக்கும் உங்கள் ஊர்ப் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றின் ஆய்வகத்தில் ஒரு மாதப் பயிற்சி கேட்டுப் பாருங்கள். கல்லூரித் துறைத்தலைவரின் கடிதத்தோடு நேரில் போவது நல்லது. மாதிரி எடுக்கும் பணி சில சமயம் இரவிலும் வரும். போக்குவரத்து ஏற்பாடு என்ன, உடன் யார் வருவார்கள் என்பதை முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். நாற்றமும் சூடும் அவளுக்கு ஒத்துவருமா என்பதும் அந்த ஒரு மாதத்தில் தெரிந்துவிடும்.